நம் வீடு இன்று என்ன விலை போகும்?

(ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வேளச்சேரியில் வீடு வைத்திருக்கும் நாம் லிஃப்ட்டில் பார்த்தாலும் மொட்டை மாடியில் பார்த்தாலும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: "சதுர அடி இப்போ என்ன போகுது?" இணையதளத்தில் போட்டிருக்கும் விலையை நம்பாதீர்கள். அது விற்பவர் கேட்கும் விலை. வாங்கியவர் கொடுத்த விலை அல்ல.

வழிகாட்டி மதிப்பும் சந்தை விலை ஆகாது. 2017 ஜூனில் தமிழக அரசு அதை 33 சதவீதம் குறைத்தது. அதற்காக மறுநாளே நம் வீடுகளின் விலை மூன்றில் ஒரு பங்கு சரிந்துவிடவில்லை.

இன்னொரு கணக்கு. 20 லட்சத்துக்கு வாங்கிய வீடு 20 வருஷத்தில் 80 லட்சம் ஆனால், "நாலு மடங்கு" என்று மகிழ்கிறோம். ஆண்டுக்கு எவ்வளவு என்று பார்த்தால் சுமார் 7 சதவீதம்தான். கட்டிய வட்டி, பராமரிப்புச் செலவு எல்லாம் அதில் கழிய வேண்டும். அந்த உயர்வும் நம் பெயரில் உள்ள பிரிபடாத நிலப் பங்குக்குத்தான். கட்டடம் வருஷா வருஷம் தேய்கிறது.

நம் பகுதிக்கு 2007-இல் பறக்கும் ரயில் வந்தது. விலைக்கு அது பலம். 2015 டிசம்பரில் வெள்ளம் வந்தது. இன்றும் வீடு பார்க்க வருபவர்களின் முதல் கேள்வி, "தண்ணி வந்துச்சா?" என்பதே.

போன வருஷம் ஒரு வீடு விற்பனைக்கு வந்தபோது, "வெள்ளத்தைப் பற்றி யாரும் வாய் திறக்காதீர்கள்" என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. நானும் கட்டைவிரல் போட்டேன். அந்த வீட்டை வாங்கிய குடும்பம் இன்று இதே அரங்கில் உட்கார்ந்திருக்கிறது. அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மறைத்துக் காப்பாற்றும் விலை அடுத்த மழை வரைதான். கார் நிறுத்தும் தளத்தில் இருக்கும் மின் மீட்டர் பெட்டிகளை உயரத்துக்கு மாற்றுவது, வளாகத்து வடிகாலைத் தூர்வாருவது, தண்ணீர் இறைக்க ஒரு மோட்டார் வாங்கி வைப்பது: இந்த மூன்றும் இன்றைய தீர்மானத்தில் உள்ளன. செலவு நம் கையைக் கடிக்கும், உண்மை. ஆனால் நாளை யாராவது கேட்டால், "தண்ணி வந்தது, அதற்கு இதையெல்லாம் செய்திருக்கிறோம்" என்று முகம் பார்த்துச் சொல்லலாம். விற்பவருக்கும் அது நல்லது, விற்காமல் இங்கேயே இருக்கப்போகும் நமக்கும் நல்லது.

கை தூக்குவதற்கு முன் இதை யோசியுங்கள்.