எறிந்த மூடியில் எழுந்த கலை

(சங்கத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



ஆபிரிக்கச் சிற்பி ஒருவரைப் பற்றிப் பேசப்போகின்றேன் என்றதும், "அவருக்கும் நமக்கும் என்ன தொடர்பு?" என்று நமது செயலாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குரிய விடையை இறுதியிற் கூற அனுமதி வேண்டுகின்றேன்.

எல் அனற்சுயி 1944ஆம் ஆண்டு, இன்று கானா என வழங்கும் நாட்டிலே, அன்யாக்கோ என்னும் ஊரிற் பிறந்தார். முப்பத்திரண்டு பிள்ளைகளுள் அவரே கடைக்குட்டி. தந்தையார் 'கென்ரே' என்னும் பலவண்ணப் பட்டைத் துணி நெய்பவர். மீன்பிடித் தொழிலும் செய்தவர். தாயார் முன்னரே இறந்துவிட்டமையால், கிறித்தவப் போதகராயிருந்த மாமன் அவரை மிஷன் இல்லத்தில் வைத்து வளர்த்தார். ஆகவே தந்தையின் தறியருகே இருந்து வளரும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

1965 முதல் 1969 வரை குமாசிச் சர்வகலாசாலையிலே சிற்பம் பயின்றார். அங்கே கற்பித்தவை பெரும்பாலும் மேல்நாட்டு முறைகளே. தம் மண்ணின் கலை எதுவென்று அறியும் வேட்கையினால், அந்நகரத்துப் பண்பாட்டு நிலையத்துக்குச் சென்று, நெசவாளரையும், மேளம் அடிப்போரையும், துணியிலே 'அடிங்க்ரா' என்னும் குறிகளைப் பதிப்போரையும் கண்டார். ஒவ்வொரு குறிக்கும் ஒரு பொருளுண்டு. அவற்றுள் ஒன்று 'சங்கோபா'. பின்னே விட்டுவந்ததைத் திரும்பிச் சென்று எடுத்துக்கொள் என்பது அதன் கருத்து. அவருடைய வாழ்க்கை முழுவதும் அவ்வொரு சொல்லுக்கு விரிவுரை எனலாம்.

முதலிலே அவர் கைக்கொண்டவை, சந்தையிலே பண்டங்களைப் பரப்பி விற்கும் மரத்தட்டுகள். பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் அவற்றின்மீது குறிகளைச் சுட்டுப் பொறித்தார். 1975இல் நைஜீரியாவிலுள்ள இன்சுக்காச் சர்வகலாசாலைக்கு ஆசிரியராகச் சென்றார். பிறநாட்டு நன்மையையும் தாய்நாட்டு நன்மையையும் இயல்பாக இணைக்கவேண்டும் என வற்புறுத்திய ஓவியர் உச்சே ஒக்கேக்கே அங்கிருந்தார். அங்கே அனற்சுயி உடைந்த பானைகளை வைத்துச் சிற்பம் செய்தார். பின்னர் மரமரியும் இயந்திர வாளையே உளியாக்கிப் பலகைகளைக் கீறினார். அருகிலே எது கிடைக்கின்றதோ அதுவே அவருக்கு மூலப்பொருள்.

1990களின் பிற்பகுதியில், எவரோ எறிந்த மூட்டையொன்றைக் கண்டெடுத்தார். உள்ளே மதுப்போத்தல் மூடிகள்! இச்சபையிலே மதுப்போத்தலைப் பற்றிப் பேசுவதா எனப் பெரியோர் சினவாதிருக்க வேண்டும். ஐரோப்பிய வணிகர் ஆபிரிக்கக் கரைக்குக் கொண்டுவந்த பண்டங்களுள் மது முக்கியமானது. அதைக் கொடுத்து மனிதரையே அடிமைகளாக வாங்கிச் சென்றனர். அம்மூடியிலே தம் இனத்தின் துயரம் ஒட்டியிருப்பதை அவர் கண்டார்.

அவர் வேலைசெய்யும் முறையைக் கேளுங்கள். மூடிகளையும் போத்தற் கழுத்தைச் சுற்றியிருக்கும் தகட்டு வளையங்களையும் விரித்துத் தட்டையாக்குவர். சிலவற்றை மடிப்பர், சிலவற்றை முறுக்குவர். துளையிட்டுச் செப்புக் கம்பியாற் கட்டுவர். அவ்வூர் இளைஞர் பலர் கூடியிருந்து சிறுசிறு துண்டுகளாகப் பின்ன, அவர் அவற்றை நிலத்திலே பரப்பி, மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்து, ஒன்றாக இணைப்பார். வர்ணம் பூசுவதில்லை, சிவப்பும் பொன்னும் கறுப்பும் மூடிகளுக்கு இயல்பாக உள்ள நிறங்களே. ஆயிரக்கணக்கான மூடிகள் சேர்ந்து, சுவரிலே துணிபோல மடிந்து தொங்கும். தொங்கவிடுவோர் விரும்பியவாறு மடிப்பை அமைக்கலாம் என்றும் அவர் விட்டுவிடுகின்றார். தந்தையாரின் தறியிலே பட்டை பட்டையாக நெய்து இணைத்த துணி, இவர் கையிலே உலோகமாகி மீண்டது.

2015இல் வெனிஸ் கலைவிழா வாழ்நாட் சாதனைக்கான தங்கச் சிங்க விருதை அவருக்கு அளித்தது. 2023இல் இலண்டன் ரேற் மொடேண் கலைக்கூடத்தின் மாபெரும் மண்டபத்திலே அவர் படைப்புகள் தொங்கின.

இனி, செயலாளரின் கேள்விக்கு வருகின்றேன்.

நானும் மிஷன் பாடசாலையிற் படித்தவன். சித்திர பாடத்திலே பூச்சாடிக்கு நிழல் தீட்டப் பழகினேன். நல்ல புள்ளியும் பெற்றேன். அக்கல்விக்கு நான் பட்ட கடன் பெரிது. அதை மறுத்தால் நன்றி கொன்றவனாவேன். ஆனால், எங்கள் வீட்டுத் திண்ணையிலே அப்பாச்சி சாயமிட்ட பனையோலையாற் கணக்குப் பிசகாது பெட்டி இழைத்ததைக் கலையென்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை. ஒருமுறை பாடசாலை நண்பர்கள் வந்தபோது, அப்பெட்டிகளை எடுத்து அறைக்குள் மறைத்து வைத்தேன். அப்பாச்சி பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. இன்று அவர் இல்லை. அவருடைய இழைப்பை எங்கள் வீட்டில் எவரும் கற்றுக்கொள்ளவுமில்லை.

மிஷன் இல்லத்தில் வளர்ந்த அனற்சுயி திரும்பிச் சென்று எடுத்துக்கொண்டார். நான் திரும்பிப் பார்த்தபோது திண்ணை வெறுமையாயிருந்தது. இதுவே அவருக்கும் எனக்கும் உள்ள தொடர்பு, வேற்றுமையும் இதுவே.

சகோதரர்களே, உங்கள் வீட்டுத் திண்ணை இன்னும் வெறுமையாகாதிருந்தால், இந்த விடுமுறையிலே அங்கே சற்று அமர்ந்து பாருங்கள். பெரியோர்களே, நாங்கள் பிந்தி வந்தாலும் வெறுக்காது கற்பியுங்கள்.