பள்ளிக்கூடத்துச் சேதி காலனிக்கு வரணும்

(போடிநாயக்கனூரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



“நம்ம சனங்களுக்குப் படிப்புல அக்கறையே கிடையாதுங்க.” இந்த வசனத்தை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். வாத்தியார் சொல்வார், கவுன்சிலர் சொல்வார், படித்து வேலைக்குப் போய் டவுனில் வீடு கட்டிக்கொண்ட நம் ஆட்களில் சிலரும் சொல்வார்கள். “பெற்றோர் கூட்டம்னு போட்டா ஒருத்தரும் வர்றதில்ல. பிள்ளை எத்தனாவது படிக்குதுன்னு கேட்டா முழிக்கிறாங்க.” இதுதான் குற்றச்சாட்டு. இன்றைக்கு இந்தக் குற்றச்சாட்டை எடுத்து விசாரிப்போம். யார் மேல் குற்றம் என்று கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

போடியிலிருந்தும் சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்தும் விடியுமுன்னே ஜீப்புகள் மலைக்குக் கிளம்புகின்றன. ஒரு ஜீப்பில் எத்தனை பேரை அடைக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத்தோட்டங்களுக்குப் போகிற சனம் யாரு? பெரும்பாலும் நம் தெருப் பெண்கள். பிள்ளை எழுவதற்கு முன்னால் போகிற தாய், பொழுது சாய்ந்துதான் திரும்புகிறாள். பள்ளிக்கூடம் திறப்பதையும் அவள் பார்ப்பதில்லை, மூடுவதையும் பார்ப்பதில்லை. பள்ளிக்கூடமோ பெற்றோர் கூட்டத்தை வேலைநாள் பிற்பகலில் வைக்கிறது. கூட்டத்துக்கு வரவேண்டும் என்றால் ஒருநாள் கூலியை விடணும். ஜீப்பில் ஒருநாள் இடம் விட்டால் மறுநாள் அந்த இடம் இருக்குமா என்பது கங்காணிக்குத்தான் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது. மழை பிடித்ததும் ஏலக்காய் எடுப்பு தொடங்கிவிடும். சுற்றுச் சுற்றாகக் காய் எடுத்து அந்த வருசம் முடியும் வரைக்கும், அதற்குப் பிறகும் போகும். காலாண்டுத் தேர்வு செப்டம்பரில், அரையாண்டு டிசம்பரில். அதாவது பிள்ளைக்குப் பக்கத்தில் ஆள் தேவைப்படுகிற மாதங்களில்தான் தோட்டத்துக்கும் ஆள் தேவைப்படுகிறது. சனி ஞாயிறு என்றால் ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளையும் கூட ஏறிப்போகிறது. பிறகு வெள்ளி, அப்புறம் வியாழன். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநேரப் பள்ளித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தது தமிழ்நாடு. 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. யாரும் ஆணை போடாமலேயே, சத்தம் காட்டாமலேயே, காய் எடுப்புக் காலத்தில் அந்தக் குலக்கல்வி இந்த மலைச்சரிவில் நடந்துகொண்டிருக்கிறது.

இப்போது சேதிக்கு வருவோம். சேதி என்று நான் சொல்வது, பள்ளிக்கூடத்தில் அன்றாடம் என்ன நடக்கிறது, எப்போது தேர்வு, என்ன சான்றிதழ் கேட்கிறார்கள், எந்த உதவித்தொகைக்கு எந்தத் தேதி கடைசி என்கிற விவரம். இந்த விவரம் எல்லோருக்கும் சமமாகப் போய்ச் சேருவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். போய்ச் சேர்வதில்லை. ஆதிக்கச் சாதிக் குடும்பத்துக்கு அது காசில்லாமல் வருகிறது. எதிர்வீட்டில் வாத்தியார் இருப்பார், மச்சான் தாலுகா ஆபீசில் இருப்பார், டீக்கடையில் உட்கார்ந்தால் காதில் விழும். நம் காலனிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற ஒரே சேதி என்ன? “நாளைக்கு உங்கப்பனைக் கூட்டிட்டு வா.” பிள்ளை சண்டை போட்டால், பீஸ் பாக்கி என்றால், லீவு போட்டால் அப்போது மட்டும் கூப்பிடுவார்கள். புகார் சொல்லக் கூப்பிடுகிற இடத்துக்கு யாருக்குங்க ஆசையாகப் போகத் தோணும்? போலீஸ் ஸ்டேசனுக்குப் போகிற மாதிரிதான் நம் அப்பன்மார் பள்ளிக்கூட வாசலில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் 24ஆவது பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. அதில் ஒன்று: பெற்றோரோடும் பாதுகாவலரோடும் முறையாகக் கூட்டம் நடத்தி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், படிப்பில் கண்ட முன்னேற்றம் இவற்றை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். கவனமாகக் கேளுங்கள். பெற்றோர் வந்து கேட்டால் சொல்ல வேண்டும் என்று அங்கே எழுதவில்லை. தெரிவிப்பதே ஆசிரியரின் கடமை. ஆக, அக்கறை இல்லை என்று நம்மேல் வைக்கிற குற்றச்சாட்டு, செய்யாத கடமையை மூடி மறைக்கிற துணியாகவும் இருக்கிறது. ‘பாதுகாவலர்’ என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். அம்மா மலைக்குப் போய்விட்டால் பிள்ளையைப் பார்க்கிறது அப்பத்தாவும் அம்மாச்சியும்தான். அவர்களுக்கும் அந்தச் சேதியைக் கேட்க உரிமை உண்டு.

அதே சட்டத்தின் 21ஆவது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியது. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். தமிழ்நாட்டில் 2022இலும் 2024இலும் இந்தக் குழுக்களைத் திரும்ப அமைத்தார்கள். நம் பெண்கள் பெயர் பல பட்டியலில் இருக்கிறது. பெயர் இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது, ஆனால் கூட்டம் நடக்கிற நேரத்தில் அந்த அம்மா ஏலச்செடிக்கு அடியில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருக்கிறாள். மறுநாள் நோட்டு வீட்டுக்கு வருகிறது, அல்லது பிள்ளை கையிலேயே கொடுத்து அனுப்புகிறார்கள். இதுதான் பிரதிநிதித்துவமா?

“சரிப்பா, சேதி தெரியலைன்னா என்ன குடி முழுகிப்போச்சு?” என்று கேட்பவர்கள் உண்டு. முழுகித்தான் போகிறது. அதிலும் ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்குள் போகிற பிள்ளைக்கு. எப்படி என்று சொல்கிறேன்.

முதலாவது, சோறு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோதும், 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தபோதும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் வகுத்தார்கள். தாய் நாலு மணிக்கே எழுந்து போகிற வீட்டில், அந்த ஐந்து வருசம் காலைப் பசியைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொண்டது. ஆறாவதில் அந்தத் தட்டு இல்லை என்பது முன்கூட்டித் தெரிந்தால் வீட்டில் ஏதாவது ஏற்பாடு செய்யலாம். தெரியாவிட்டால் பிள்ளை பதினொரு மணிக்கு மயங்கி உட்காரும். “இவன் கவனிக்கிறதில்ல” என்று வாத்தியார் எழுதுவார்.

இரண்டாவது, ஆறாம் வகுப்பு என்பது ஒரு கணக்குத் தொடங்குகிற இடம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது வந்தது. 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். இவை எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கேட்கிற தகுதி, ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. நம் குடும்பங்கள் என்ன செய்கின்றன? வேலை தொடர்ந்து கிடைக்கிறது என்று தோட்டத்து லயத்தில் குடியேறி, பிள்ளையை மேலேயே கேரளப் பள்ளியில் ஆறாவது, ஏழாவது சேர்க்கிறார்கள். அல்லது கடன் வாங்கி இங்கேயே இங்கிலீஷ் மீடியத்தில் இரண்டு வருசம் போட்டுவிட்டு, கட்ட முடியாமல் திரும்பக் கொண்டுவருகிறார்கள். அப்படிச் செய்யும்போது எதைக் கைவிடுகிறோம் என்று ஒருவர், ஒரே ஒருவர், அந்தத் தாயிடம் சொல்லியிருக்கிறாரா?

மூன்றாவது, சாதிச் சான்றிதழ். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்பது மாநிலவாரியானது. ஒரு மாநிலத்துப் பட்டியலில் இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்த உரிமையைக் கோர முடியாது என்று 1990இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இடுக்கி மலைகளில் தலைமுறையாக உழைக்கிற நம் ஆட்கள், 1950க்குப் பிறகு வந்த குடும்பம் என்ற காரணத்தால் சான்றிதழ் மறுக்கப்பட்டு அலைவது இதனால்தான். தீண்டாமை மட்டும் போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தடையில்லாமல் தாண்டுகிறது. சலுகை அடிவாரத்திலேயே நின்றுவிடுகிறது. ஆகவே மலைக்குக் குடிபோகிற குடும்பம், பிள்ளையின் சான்றிதழை இங்கே வாங்கிப் பத்திரப்படுத்திவிட்டுத்தான் போகணும்.

நான்காவது, எட்டாம் வகுப்பில் ஒரு தேர்வு இருக்கிறது. தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வு. தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருசம் 12,000 ரூபாய். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். வகுப்பில் யார் யாருக்கு விண்ணப்பம் போட்டார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? “நல்லாப் படிக்கிற நாலு பேருக்குப் போட்டாச்சு” என்பார்கள். அந்த நாலு பேர் எந்தத் தெரு என்று கேளுங்கள்.

சேதி என்பது பணக்கணக்கு மட்டுமில்லை தோழர்களே. மானத்தின் கணக்கும் அதில் இருக்கிறது. 2022இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் ஒரு ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்ததாக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிந்து, தலைமையாசிரியை கைதானார். அது எப்படி வெளியே வந்தது? டெங்கு வந்து படுத்த தன் பையனிடம் ஒரு தாய் உட்கார்ந்து விசாரித்ததால் வெளியே வந்தது. பள்ளிக்கூடத்தில் யாரைப் பெருக்க வைக்கிறார்கள், யாரைத் தண்ணீர் எடுக்க வைக்கிறார்கள், யாரைக் கடைசி பெஞ்சில் போடுகிறார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். நாம் கேட்டால்தான் சொல்வார்கள். 2023இல் நாங்குநேரியில் தலித் மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில், கையில் சாதிக்கயிறு கட்டி வருவதைத் தடுக்கணும், ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்பது போன்ற சாதிப்பெயர்கள் பள்ளிகளின் பெயர்ப் பலகையிலிருந்து நீங்கணும் என்றெல்லாம் பரிந்துரை செய்தது. இந்த இரண்டு வகைப் பள்ளியும் இருக்கிற தேனி மாவட்டத்தில், 1989 போடிக் கலவரத்தைப் பார்த்த ஊர்களில், அந்த அறிக்கையைப் பெற்றோர் நடுவில் வைத்துப் பேசியிருக்க வேண்டாமா? கலவரத்துக்குப் பிறகு பிறந்தவர்கள்தான் இன்றைக்கு ஆறாவது ஏழாவது பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன்.

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் நான் கொண்டுவரவில்லை. நாளைக்கே தொடங்கக்கூடியதைச் சொல்கிறேன்.

பெற்றோர் கூட்டத்தின் நேரத்தை மாற்றச் சொல்லி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுங்கள். பருவத்துக்கு ஒரு தடவையாவது ஜீப் திரும்பின பிறகு, அல்லது தோட்டத்துக்கு விடுமுறையான நாளில், காலனிச் சமுதாயக் கூடத்தில் கூட்டம் நடக்கணும். வாத்தியார் தெருவுக்கு வரமாட்டார் என்றால், ஏன் வரமாட்டார் என்று எழுதிக் கேளுங்கள். அந்தப் பதில் நமக்கு முக்கியம். வருகிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாற்காலியும் மரியாதையும் கொடுத்து, எல்லோரும் சரிசமமாக உட்கார்ந்து பேசுங்கள்.

ஜீப் நிற்கிற இடத்தில் ஒரு கரும்பலகை வையுங்கள். தேர்வுத் தேதி, விண்ணப்பத் தேதி, பள்ளி விடுமுறை, இவ்வளவுதான். எழுத வேண்டியது கல்லூரி மாணவர்களாகிய நீங்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் போதாதா என்று கேட்காதீர்கள். வீட்டில் ஒரு போன் இருந்தால் அது அப்பன் சட்டைப்பையில் இருக்கிறது. அம்மாவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க நேரமில்லை. எழுதிய சேதியை இரவுப் படிப்பகத்தில் சத்தமாக வாசியுங்கள். காதால் கேட்டுப் புரிந்துகொள்வதில் நம் சனம் யாருக்கும் குறைந்ததில்லை.

ஐந்தாவது முடிக்கிற ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் ஏப்ரல், மே மாதத்தில் போங்கள். சான்றிதழ் இருக்கிறதா, பேங்க் கணக்கு இருக்கிறதா, எந்தப் பள்ளி, காலையில் யார் சோறு போடுவது என்று கேட்டு எழுதுங்கள். மலையிலிருந்து நடுவருசம் திரும்புகிற பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று சேர்க்க மறுத்தால், 5ஆவது பிரிவைக் காட்டுங்கள். அந்தத் தாமதத்தைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. குரங்கணிக்கு மேலே உள்ள ஆதிவாசிக் குடிகளையும் மறந்துவிடாதீர்கள். நமக்கே எட்டாத சேதி அவர்களுக்கு இன்னும் தூரம்.

1848இல் புனேயில் சாவித்திரிபாயும் ஜோதிராவ் பூலேவும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார்கள். 1882இல் ஹண்டர் ஆணையத்தின் முன் பூலே சாட்சியம் அளித்தபோது, உழைக்கிற சனத்தின் வரிப்பணம் மேல்சாதிக்காரர் படிப்புக்குப் போகிறது என்று வாதாடினார். 1894இல் அடையாற்றில் ஆல்காட் பஞ்சமர் பள்ளி வந்தது. கதவுக்கு உள்ளே நுழைவதற்காக நடந்த சண்டை அது. இன்றைக்குப் பிள்ளை உள்ளே இருக்கிறது, தாய் வெளியே நிற்கிறாள். உள்ளே நடப்பது அவளுக்குத் தெரியாமல் இருக்கிறவரை அந்தக் கதவு பாதிதான் திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆகவே தோழர்களே, அக்கறை இல்லாத சனம் என்று அடுத்தமுறை யாராவது சொன்னால் கோபப்பட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரே கேள்வி கேளுங்கள்: “கூட்டத்தை எத்தனை மணிக்குங்க வச்சீங்க?” பதிலை வாங்கிக்கொண்டு மேலாண்மைக் குழு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் கரும்பலகையும் சுண்ணாம்புக்கட்டியும் தயாராக இருக்கட்டும்.