வெட்டரனும் பட்டறிவாளரும்
(சேலத்தில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அண்மையில் இளம்பிள்ளைப் பக்கம் நடந்த பாராட்டு விழாவொன்றில், ஐம்பதாண்டுக் காலம் குழித்தறியில் நெய்த முதியவர் ஒருவர்க்கு நினைவுப் பலகை வழங்கினர். அதில் ‘வெட்டரன் நெசவாளர்’ என்று பொறித்திருந்தனர். அவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “ஏனுங்க ஐயா, நான் நெய்யறவனுங்க; வெட்டறவன்னு போட்டிருக்காங்களே?” என்று என்னைக் கேட்டார். அருகிருந்தோர் நகைத்தனர். எனக்கு நகைப்பு வரவில்லை. தம்மைப் புகழும் சொல் தமக்கே விளங்காமல் ஒரு தமிழர் தம் ஊரில் நின்றார்.

அச்சொல்தான் என்ன சொல்கிறது? இலத்தீனில் ‘வெத்துசு’ என்றால் பழையது. ஆண்டு என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்தது. நெடுங்காலம் போர்த்தொழில் புரிந்த உரோமப் படைஞனை அதன் வழிச்சொல்லாற் குறித்தனர். ஆங்கிலேயர் அதனைப் பிற துறைகட்கும் நீட்டினர். அமெரிக்காவிலோ, படையில் சில ஆண்டே இருந்து வெளிவந்த இளைஞனும் ‘வெட்டரன்’தான்! வேரளவில் அது கழிந்த ஆண்டை எண்ணுமேயன்றிக் கைத்திறனை அளப்பதன்று.

தமிழோ பிரித்தறிந்து பேசும். அகவையால் உயர்ந்தவர் மூத்தவர். தொழிலை ஆய்ந்து ஆய்ந்து கை பழகியவர் கைதேர்ந்தவர். தேர்தல் என்பது ஆராய்தலுமாம், தெளிதலுமாம். இன்பமுந் துன்பமும் பட்டு அறிந்தவர் பட்டறிவாளர். நாமக்கல்லில் சரக்குந்துக்குக் கூடு கட்டும் பட்டறைக்குச் சென்று பாருங்கள். எழுத்தறியாத தொழிலாளியும் தம் ஆசானைப் ‘பழந்தின்று கொட்டை போட்டவர்’ என்பார். அகவையும் சுவைத்தறிந்த அறிவும் அத்தொடரில் ஒருங்கே நிற்கின்றன. இதற்கீடான சொல்லை இலத்தீனிலா தேடுவது?

ஆங்கிலத்தை மட்டும் பழித்துப் பயனில்லை. நானே வகுப்பில் இருபதாண்டு ‘அனுபவசாலி’ என்று சொல்லி வந்தவன். 1944 முதல் 1956 வரை பாவாணர் கல்லூரியில் தமிழ் கற்பித்த இந்தச் சேலத்தில் இருந்துகொண்டே அப்படிச் சொன்னேன். மாணவன் ஒருவன், “பட்டறிவு என்று பாடத்தில் உள்ளதே, ஐயா” என்ற பிறகே திருந்தினேன்.

விழாக் குழுவினரிடம் பலகையைத் திருத்தித் தரக் கேட்டேன். எழுத்து பொறித்தாயிற்று, இனி இயலாது என்றனர். சென்ற கிழமை அம்முதியவர் வீட்டிற்குச் சென்றிருந்தேன். பலகை தறிக்கு மேலே தொங்குகிறது. அவர் பெயர்த்தி அச்சொல்லின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டிக் ‘கைதேர்ந்த’ என்று எழுதியிருக்கிறாள்.