நோட்டு யார் கையில் இருக்கணும்?

எங்கம்மா மடியில் தூங்கிக்கொண்டே குழுக் கூட்டத்துக்கு வந்த பிள்ளையாகத்தான் பலருக்கு என்னைத் தெரியும். "தலைமைப் பண்பை யுனிவர்சிட்டியில படிச்சு என்ன கண்டேன்னு சொல்லு கண்ணு" என்று நம்ம கூட்டமைப்புத் தலைவி கேட்டாங்க. அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் கிராம மேம்பாடு படித்தது காந்திகிராமத்தில். கொமரலிங்கத்திலிருந்து பழனி, திண்டுக்கல் தாண்டிப் போகணும். டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் ஆரம்பித்த இடம். 1976இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. சௌந்தரம் அம்மா டி.வி.எஸ். வீட்டு மகள். சின்ன வயதில் கணவரை இழந்து, அதற்குப் பிறகு டாக்டருக்குப் படித்தவர். வசதிக்குக் குறைவில்லாத அந்தம்மா கிராமத்துக்கு வந்தாங்க.

அங்கே எங்களைக் கிராமத்தில் தங்க வைப்பாங்க. முதல் நாள் சாயங்காலமே சார்ட் பேப்பரை மாட்டி, சேமிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். முடிந்ததும் ஒரு பாட்டி, "நல்லாத்தான் பேசினே சாமி. நாங்க பேசறதை எப்பக் கேப்பே?" என்றாங்க. எனக்கு முகம் செத்துப்போச்சு. மறுநாள் கோலமாவைக் கையில் கொடுத்து, தெருவைத் தரையில் வரையச் சொன்னோம். கூட்டத்தில் வாயே திறக்காத பெண்கள்தான் முதலில் குனிந்து வரைந்தாங்க.

படிப்பு முடித்து வீட்டுக்கு வந்தால், எங்கள் குழுவில் அதே கதை. 11 வருஷமாக அம்மாதான் ஊக்குநர். நோட்டு முழுக்க அம்மா கையெழுத்து. அம்மா காய்ச்சலில் மூணு வாரம் படுத்தபோது கணக்குப் பார்க்க ஒருத்தருக்கும் தெரியலை. மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட உள்கடன் கேட்டிருந்த ஒரு அக்கா, காத்திருக்க முடியாமல் கந்துவட்டிக்கு வாங்கிவிட்டாங்க.

"நோட்டை மத்தவங்களுக்கும் குடுங்கம்மா" என்றேன். "நான் என்ன திருடிட்டனா?" என்று கேட்டாங்க. ரெண்டு நாள் என்னோடு பேச்சில்லை. சோறு மட்டும் போட்டு வைத்தாங்க. திருட்டுப் பேச்சே இல்லைங்க; நல்லவங்க கையில் இருந்தாலும் ஒரே கையில் இருந்தால் அந்தக் கை படுத்தால் குழுவே படுத்துக்கும். இதைப் புத்தகத்தில் நான் படித்தாச்சு. ஆனால் அம்மா மனசு நோகாமல் சொல்ல எந்தப் பாடத்திலும் இல்லை.

மூணாம் நாள் அம்மாவே நோட்டைக் கொண்டுவந்து கூட்டத்தில் நடுவில் வைத்தாங்க. கூட்டத்துக்கு ஒருத்தர் எழுதுவது என்று முடிவாச்சு. ஆரம்பத்தில் 1,200ஐ 12,000 என்று எழுதி வைத்தோம். கூட்டம் இழுத்தது. மில் ஷிப்ட் முடித்து வந்தவங்க முணுமுணுத்தாங்க, அது நியாயம்தான். இன்றைக்கு நாலு பேர் எழுதறாங்க. அம்மா கூட்டிப் பார்க்கறாங்க, அதை மட்டும் விடமாட்டாங்க!

இப்போது நான் சமுதாய அமைப்பாளர் வேலை பார்க்கிறேன். இன்டர்வியூவுக்குப் பட்டம் உதவியது, மறுக்கலை. பிளஸ் டூ முடித்ததும் மகளை மில்லுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிற அக்காக்கள், அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை என்னிடம் பேசுங்க. எங்கே என்ன படிப்பு, ஹாஸ்டல், உதவித்தொகை எல்லாம் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

அப்புறம், எங்கள் குழுவில் புதன்கிழமை நோட்டு எழுதும் முறை கடைசி வரிசையில் சிரிக்கிற அந்த அக்காவோடது. கண்ணாடியை மறக்காம எடுத்துட்டு வாங்கக்கா.