பதினாறு வரையில்

கெங்குவார்பட்டியில் எந்தத் தெருவில் நின்றாலும் கொடைக்கானல் மலை கண்ணில் படும். ஊருக்கு அருகே காட்ரோடு என்னும் இடத்தில், வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் செல்லும் சாலையை விட்டுப் பிரிந்து, மலைப்பாதை ஏறத் தொடங்குகிறது. பாதையோரத்தில் கிலோமீட்டர் கற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை தவறாமல் நிற்கின்றன. கணித ஆசிரியனாக இருந்த எனக்கு அந்தக் கற்கள் செலவில்லாத கரும்பலகையாகப் பல ஆண்டுகள் பயன்பட்டன. பேருந்தில் மலையேறும் மாணவர்களிடம், "வேடிக்கை பார்ப்பதோடு, போகிற வழியில் கற்களிலுள்ள எண்களையும் கொஞ்சம் பாருங்கள்" என்று சொல்லி அனுப்புவேன்.

தேர்வு நெருங்கும் நாட்களில் மாணவர்கள் என்னிடம் கேட்டது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "எத்தனை கணக்குப் போட்டுப் பார்த்தால் போதும், சார்?" என்பார்கள். இதற்கு எண்ணிக்கையில் விடை சொல்ல என்னால் இயன்றதே இல்லை. ஆகவே இன்று நேயர்களுக்கு இரண்டே இரண்டு கணக்குகளைச் சொல்லப் போகிறேன். இரண்டாவது கணக்கில் நான் தவறிய கதையையும் மறைக்காமல் சொல்கிறேன். கையில் தாளும் பென்சிலும் இருந்தால் நல்லது.

முதற் கணக்கு எளிது. அடுத்தடுத்து நிற்கும் நான்கு கற்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் எண்களைப் பெருக்கி, வந்த விடையோடு ஒன்றைக் கூட்டுங்கள். 1, 2, 3, 4 என்றால் 24. ஒன்றைக் கூட்ட 25. அது ஐந்தின் வர்க்கம். 2, 3, 4, 5 என்றால் 121; பதினொன்றின் வர்க்கம். அடுத்தது 361, பத்தொன்பதின் வர்க்கம். அதற்கடுத்தது 841, இருபத்தொன்பதின் வர்க்கம். வகுப்பில் இதைச் செய்யச் சொன்னபோது, பத்து வரிசைகளைப் பார்த்துவிட்டு, "எப்போதும் வர்க்கமே வரும்" என்று முடிவு கட்டினார்கள். "பத்துத் தடவை வந்ததென்றால் பத்துத் தடவை வந்ததென்றுதான் பொருள்; பதினோராம் தடவைக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டேன். அப்போது அந்தக் கேள்வி எனக்கே பெருமையாக இருந்தது!

பொறுப்பு ஏற்பது இயற்கணிதம். முதல் எண்ணை 'அ' என்று கொள்வோம். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பெருக்கினால் 'அ'வின் வர்க்கமும் மூன்று 'அ'வும் சேர்ந்த தொகை கிடைக்கும். நடுவிலுள்ள இரண்டையும் பெருக்கினால், அதே தொகையோடு இரண்டு கூடுதலாகக் கிடைக்கும். ஆகவே நாம் பெருக்க வேண்டியவை, இரண்டே வித்தியாசமுள்ள இரு எண்கள். அவற்றின் நடுவிலுள்ள எண்ணை 'ம' என்போம். ம-வில் ஒன்று குறைந்ததையும் ம-வில் ஒன்று கூடியதையும் பெருக்கினால், ம-வின் வர்க்கத்தில் ஒன்று குறையும். குறைந்த அந்த ஒன்றைத்தான் நாம் கூட்டினோம்! இனிமேல் பதினோராம் தடவையைப் பற்றியோ பத்தாயிரமாவது தடவையைப் பற்றியோ கவலையில்லை. போகிற போக்கில் இன்னொன்றும் கைக்கு வந்துவிட்டது. அந்த நான்கு எண்களின் பெருக்கம் ஒரு வர்க்கத்திற்கு ஒன்று குறைவானது. ஒன்று முதலான எண்களில், ஒன்றே வித்தியாசமுள்ள இரு வர்க்கங்கள் எங்கும் இல்லை. ஆதலின், அடுத்தடுத்த நான்கு எண்களின் பெருக்கம் ஒருபோதும் வர்க்கமாகாது. இந்தச் செய்தியைச் சற்று நினைவில் வைத்திருங்கள், மறுபடியும் தேவைப்படும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கும்பகோணத்தில் மாணவராக இருந்த இராமானுஜன், 1903ஆம் ஆண்டு வாக்கில் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த ஒரு கணித நூலைப் படித்தார். ஆயிரக்கணக்கான முடிவுகள் அதில் அடுக்கப்பட்டிருந்தன. முழு நிறுவல்கள் பெரும்பாலும் இல்லை. ஒவ்வொரு முடிவுக்கும் வழியை அவரே கண்டுகொள்ள வேண்டியிருந்தது. இன்று நம் மாணவர் கையிலுள்ள உரைநூல்களோ விடையையும் கொடுத்து, வழியையும் வரிவரியாகக் கொடுத்துவிடுகின்றன. உரைநூல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் என்ன என்றுதான் கேட்கிறேன்.

இரண்டாம் கணக்குக்கு வருவோம். வரிசையாக நிற்கும் சில எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுள், மற்ற எல்லா எண்களோடும் ஒன்றைத் தவிர வேறு பொதுவகுத்தியே இல்லாத எண் ஒன்று கட்டாயம் உண்டா? அப்படிப்பட்ட எண்ணை எங்கள் வகுப்பில் 'ஒண்டி' என்று அழைத்தோம். பாடநூலில் இந்தப் பெயர் கிடையாது. ஆனால் பையன்களுக்கு மறக்காது. 8, 9, 10 என்ற வரிசையில் 9 ஒண்டி. 90 முதல் 96 வரை ஏழு எண்கள். அவற்றுள் பகா எண் ஒன்றுகூட இல்லை. ஆயினும் 91 ஒண்டியாக நிற்கிறது. ஏழும் பதின்மூன்றும் அதன் வகுத்திகள். அவ்விரண்டும் அந்த வரிசையில் வேறு எந்த எண்ணையும் வகுப்பதில்லை.

இதற்குத் திறவுகோல் ஒன்று உண்டு. இரண்டு எண்களை வகுக்கும் எதுவும் அவற்றின் வித்தியாசத்தையும் வகுக்கும். ஆறு எண்கள் கொண்ட வரிசையில் வித்தியாசம் ஐந்தைத் தாண்டாது. எனவே 2, 3, 5 என்ற மூன்று பகா எண்களே தொல்லை கொடுக்க முடியும். ஆறு எண்களில் மூன்று ஒற்றைப்படை. அம்மூன்றில் சரியாக ஒன்று மூன்றால் வகுபடும், அதை விட்டுவிடுங்கள். எஞ்சிய இரண்டிற்கும் இடையே வித்தியாசம் இரண்டோ நான்கோதான்; ஆகவே இரண்டும் ஐந்தால் வகுபடுவதற்கில்லை. வகுபடாத ஒன்றை இரண்டும் தீண்டாது, மூன்றும் தீண்டாது, ஐந்தும் தீண்டாது. அதுவே ஒண்டி.

இவ்வளவையும் வகுப்பில் நிறுவிக் காட்டினேன். மறுவாரம் ஒரு மாணவன் நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிக்கொண்டு வந்தான். மலைப்பாதைக் கற்களோடு நில்லாமல், நூறுகளுக்கும் போய், பத்து எண், பன்னிரண்டு எண், பதினைந்து எண் என்று வரிசை வரிசையாகச் சோதித்திருந்தான். "எல்லாவற்றிலும் ஒண்டி இருக்கிறது, சார். எத்தனை எண் எடுத்தாலும் இருக்கும் அல்லவா?" என்றான். "ஆமாம் தம்பி, அப்படித்தான்" என்றேன். மணி அடித்தது, அவன் நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டான். பதினோராம் தடவைக்கு யார் பொறுப்பு என்று வகுப்பைக் கேட்ட அதே வாய்தான் இதையும் சொல்லிற்று.

பல ஆண்டுகளுக்குப் பின்னரே சு. சி. பிள்ளை என்பவரின் ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தேன். சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்தவர். ஒரு வயதில் தாயை இழந்தார். செங்கோட்டையில் பள்ளிப் படிப்பின் இறுதி ஆண்டில் தந்தையையும் இழந்தார். சாஸ்திரியார் என்ற பள்ளி ஆசிரியர் பொருளுதவி செய்திராவிட்டால் அவர் படிப்பு அங்கேயே நின்றிருக்கும். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கல்லூரிப் படிப்பை முடித்து, சென்னையில் பேராசிரியர் ஆனந்த ராவிடம் ஆராய்ச்சி பயின்று, 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். 1770இல் வேரிங் என்ற ஆங்கிலேயர் விட்டுச்சென்ற புதிர் ஒன்றைத் தீர்ப்பதில் பெரும்பங்கு இவருடையது. எந்த முழு எண்ணையும் எழுபத்து மூன்று ஆறாம் படிகளுக்கு மிகாமல் கூட்டி எழுதிவிடலாம் என்று 1940இல் நிறுவினார். எழுபத்து மூன்றைக் குறைக்க முடியாது என்பதை நீங்களே பார்க்கலாம்: 703ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றின் ஆறாம் படி 729. அது பெரிதாகப் போய்விடுகிறது. அறுபத்து நான்குகள் பத்தும், ஒன்றுகள் அறுபத்து மூன்றும் வைத்தால்தான் கணக்கு நேராகும்.

இவ்வளவு பெரிய வேலைகளுக்கு நடுவே, அதே காலத்தில், நம் ஒண்டிக் கணக்கையும் அவர் எடுத்துக்கொண்டிருந்தார்! அடுத்தடுத்த எண்களின் பெருக்கம் ஒரு வர்க்கமாகவோ கனமாகவோ அதற்கு மேற்பட்ட படியாகவோ அமையக்கூடுமா என்ற கேள்வியோடு அது தொடர்புடையது. நான்கு எண்களுக்கு நாம் பார்த்தது அக்கேள்வியின் ஒரு சிறு மூலை. வரிசையில் ஒரு ஒண்டி இருந்தால், பெருக்கம் வர்க்கமாவதற்கு அந்த ஒண்டி தானே வர்க்கமாக இருந்தாக வேண்டும். வேறு யாரும் அதற்குக் கைகொடுக்க முடியாது. பதினாறு எண்கள் வரையில் எந்த வரிசையிலும் ஒண்டி உண்டு என்று பிள்ளை நிறுவினார். பதினேழு எண்களில் அது பொய்த்துப் போகிறது என்றும் அவரே காட்டினார். 17 முதல் 430 வரை எத்தனை எண்கள் எடுத்தாலும் ஒண்டியில்லாத வரிசை எங்காவது உண்டு என்பது அவருடைய முடிவு; அதற்கு மேலும் அப்படியே என்று 1941இல் பிரௌவர் நிறுவி முடித்தார். பெருக்கத்தைப் பற்றிய மூலக் கேள்வி, எத்தனை எண்களானாலும் பெருக்கம் ஒருபோதும் படியாகாது என்று 1975இல் எர்டோஷ், செல்ஃபிரிட்ஜ் இருவராலும் முற்றாகத் தீர்ந்தது.

என் மாணவன் பதினைந்தோடு நிறுத்தியிருந்தான்.

ஒண்டியில்லாத அந்தப் பதினேழு எண்களைப் பார்க்க வேண்டுமா? 2184 முதல் 2200 வரை எழுதிக்கொள்ளுங்கள். முதல் எண் 2184ஐ 2, 3, 7, 13 நான்கும் வகுக்கும். கடைசி எண் 2200ஐ 2, 5, 11 மூன்றும் வகுக்கும். பதினாறுக்கு உட்பட்ட பகா எண்கள் அத்தனையும் இரு முனைகளில் காவல் நிற்கின்றன. இரட்டைப்படை எண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒற்றைப்படை எண்கள் எட்டு. 2185ஐ ஐந்து வகுக்கிறது. கடைசி எண்ணையும் வகுக்கிறது. 2187, 2193, 2199 மூன்றையும் மூன்று பிடித்துக்கொள்கிறது. 2189 பதினொன்றிடம் அகப்படுகிறது. 2191 ஏழினிடம், 2195 மறுபடியும் ஐந்தினிடம். எஞ்சியது 2197; பார்த்தால் பகா எண் போலத் தோன்றும். அது பதின்மூன்றின் கனம்! 2184ஐயும் பதின்மூன்று வகுக்கிறதே. ஒருவரும் தப்பவில்லை. முதன்முதலாக இதைச் சரிபார்த்த இரவு, விளக்கை அணைத்த பிறகும் எனக்கு உறக்கம் வரவில்லை. மகிழ்ச்சி பாதி, அந்த நோட்டுப் புத்தகத்தின் நினைவு பாதி.

பிள்ளையவர்கள் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரத்து ஆராய்ச்சி நிலையத்தின் அழைப்பை ஏற்று, ஹார்வர்டில் கூடவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குப் புறப்பட்டார். 1950 ஆகஸ்டு 31ஆம் நாள், கெய்ரோ நகருக்கு அருகே அவர் சென்ற விமானம் விழுந்து நொறுங்கியது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது.

என் மாணவனைச் சென்ற ஆண்டு மாம்பழக் காலத்தில் காட்ரோட்டில் கண்டேன். இப்போது பெரியகுளத்து மண்டிக்கு மாங்காய் ஏற்றும் வியாபாரி. தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து, "தம்பி, ஒண்டிக் கணக்கில் உன்னிடம் தவறாகச் சொல்லிவிட்டேன்" என்றேன். அவருக்கு நினைவிருக்குமோ என்று ஐயப்பட்டேன்; இருந்தது. எடைச் சீட்டின் பின்புறத்தில் பதினேழு எண்களையும் எழுதிக் கொடுத்தேன். பேசாமல் வாங்கி, 2191ஐ மட்டும் வகுத்துப் பார்த்தார். "ஏழு, முந்நூற்றுப் பதின்மூன்று" என்று தமக்குள்ளே சொல்லிக்கொண்டார். பிறகு, "இன்னும் இரண்டு எண் கூட்டிப் பார்த்திருந்தால் நானே பிடித்திருப்பேனா, சார்?" என்று கேட்டார்.

"இரண்டாயிரம் தாண்டி வரவேண்டியிருந்திருக்கும்" என்றேன்.

"நீங்கள் 'தெரியாது' என்று சொல்லியிருந்தால் வந்திருப்பேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, எடைக் கணக்கைச் சரிசெய்பவரைப் போலச் சொன்னார். எனக்கு மறுமொழி அகப்படவில்லை.

தேநீர் வந்தது. அவர் சீட்டைக் கீழே வைக்கவில்லை. "2184க்கு முன்னால் இப்படி வேறு பதினேழு இருக்கிறதா?" என்று கேட்டார். இம்முறை நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பென்சிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். மாங்காய் வண்டிக்காரர் இரண்டு முறை ஒலியெழுப்பிய பிறகுதான் அவர் எழுந்து போனார். பென்சிலையும் கொண்டு போய்விட்டார்.