அடைக்கோழி முட்டையை நிறுத்துவது ஏன்?

(வானொலியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



"பதினைஞ்சு முட்டை விட்டுச்சு, அப்புறம் படுத்தது எழுந்திரிக்கவே மாட்டேங்குது" என்று நாட்டுக்கோழி வளர்க்கும் தாய்மார்கள் குறைப்படுவது வழக்கம். நான் குடியிருக்கும் மேற்கு மாம்பலத்துக் கடைகளுக்கு நாமக்கல் பண்ணைகளிலிருந்து வரும் வெள்ளை முட்டைகளை இடும் கோழிகளோ அடை படுப்பதே இல்லை. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

கோழியின் மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்ற சிறிய சுரப்பி இருக்கிறது. பகல் வெளிச்சம் கண் வழியாக மட்டுமல்ல, மண்டையோட்டின் வழியாகவும் மூளைக்கு எட்டுகிறது. உடனே இந்தச் சுரப்பி சில ஹார்மோன்களை இரத்தத்தில் கலக்கிறது. அவை முட்டைப்பையில் மஞ்சள் கருவை வளர்த்து, பழுத்ததும் உதிரச் செய்கின்றன. உதிர்ந்த கரு முழு முட்டையாக வெளிவர ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதலாகும். அதில் ஓடு கட்டுவதற்கே சுமார் 20 மணி நேரம் பிடிக்கும்.

கூட்டில் முட்டை சேரச் சேர, இருட்டும் கதகதப்பும் சேர்ந்துகொள்ள, அதே சுரப்பி புரோலாக்டின் என்ற வேறொரு ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. 1933இல் அமெரிக்க அறிஞர் ஆஸ்கர் ரிடிலும் அவருடைய உதவியாளர்களும் புறாக்களை ஆராய்ந்து பெயர் சூட்டிய ஹார்மோன் இது. தாய்ப்புறா குஞ்சுக்கு ஊட்டும் பாலையும் இதுதான் சுரக்க வைக்கிறது. இது கூடினால் முட்டைக்கான ஹார்மோன் குறைந்து, முட்டைப்பை சுருங்கிவிடும். வயிற்று இறகு உதிர்ந்து தோல் சூடாகும். அந்தத் தோலில் முட்டை உரச உரச புரோலாக்டின் மேலும் ஊறும். ஆகவே அடை படுப்பது நோயும் அல்ல, பிடிவாதமும் அல்ல.

இப்போது கணக்குப் பாருங்க. முட்டையிட ஏறக்குறைய 20 நாள், அடை காக்க 21 நாள், குஞ்சுகளோடு திரிய இரண்டு மாதம். ஒரு சுற்றுக்கு நூறு நாள் போய்விடுகிறது. அதனால்தான் ஆண்டுக்கு அறுபது முட்டையோடு நின்றுவிடுகிறது. வெள்ளை லெகார்னில் அடை படுக்காதவற்றையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததால் அது 300 முட்டைகூட இடுகிறது. ஆனால் அதன் முட்டையைப் பொரிக்க இயந்திரம் வேண்டும். உங்கள் வீட்டில் அந்த இயந்திரம் அடைக்கோழிதான். எல்லாக் கோழியையும் அடை தெளிய வைத்துவிட்டால் அடுத்த ஆண்டு குஞ்சுக்கு எங்கே போவது?

ஆகவே மூன்று கோழி இருந்தால், நன்றாக அடை காக்கும் ஒன்றுக்கு மட்டும் பத்துப் பன்னிரண்டு முட்டை வையுங்க. தீனியும் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கட்டும். ஏழாம் நாள் இரவு டார்ச் விளக்கில் முட்டையைப் பிடித்துப் பாருங்க. இரத்த நாளம் தெரியாத வெற்று முட்டையை எடுத்துவிடுங்க.

மற்ற இரண்டையும் அடை தெளிய வைக்கலாம். தண்ணீரில் முக்குவதும், மூக்கில் இறகு செருகுவதும் வேண்டாம்; அது கோழியை வதைப்பதுதான். அடியில் கம்பி வலையோ மூங்கில் பட்டையோ உள்ள கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி, வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் வைத்துக் கோழியை அதில் விடுங்க. வைக்கோல் போடாதீங்க. தீனி, தண்ணீர் தாராளமாகக் கொடுங்க. வயிற்றில் சூடான முட்டை படாமல் காற்றுப் படுவதால் புரோலாக்டின் இறங்கிவிடும். படுத்த முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால் மூன்று நான்கு நாளில் தெளியும். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி முட்டைக்கு வரும்.

முன்கூட்டியே தடுக்கவும் வழி உண்டு. அன்றன்று இட்ட முட்டையை அன்றன்றே எடுத்துவிடுங்க. முட்டை குவியாத கூட்டில் கோழிக்கு அடை எண்ணம் தாமதமாகத்தான் வரும்.

எந்தக் கோழி அடைக்கு, எந்தக் கோழி முட்டைக்கு என்பதை முதலிலேயே நீங்கள் முடிவு செய்யுங்க. முட்டைக் காசும் கிடைக்கும், குஞ்சும் பெருகும்.