பதரும் மணியும்



சூடடித்த நெல்லைத் தூற்றும் உழவர் அறிவர்: மணி காலடியில் விழும், பதர் காற்றோடு போகும். மூச்சிலும் இருமலிலும் வெளிப்படும் துளிகளும் அவ்வாறே. பெருந்துளி விழும், நுண்துளி மிதக்கும்.

2020 மார்ச் 10ஆம் நாள், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பாடற்குழு ஒன்றின் ஒத்திகைக்குக் கூடிய 61 பேரில் 53 பேர் கொரோனா நோயுற்றனர். அம்மாத இறுதியிலும் உலக சுகாதார ஸ்தாபனம், இந்நோய் காற்றில் பரவாதென அடித்துக் கூறிற்று. 2021இலேயே அக்கூற்றை மாற்றிற்று.

முகக்கவசம் பயன்தருமா என்கின்றனர். வடிகட்டும் தரமும், முகத்தோடு பொருந்தும் அமைப்பும் உடையது நன்கு காக்கும். தளர்ந்த துணி சிறிதே தடுக்கும். சாளரங்களைத் திறத்தலும் வேண்டும்.

பிழை எவர்க்கும் நேரும். அதனைத் திருத்தத் தாமதித்தால் உயிர்கள் போகும். உண்மையைக் காலத்தோடு கூறுங்கள் என்று அதிகாரத்திலுள்ளோரைக் கேட்பது நமது உரிமை, கேட்போமாக!